பெயரைக் கேட்ட பிறகு: மற்றவரை எடைபோடுவது பற்றித் திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. சனிக்கிழமை மாலைகளில் திருகோணமலை நகரில் ஒரு வாசிகசாலை விறாந்தையில் சிலர் கூடிப் பேசுகிறோம். ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் வருவார்கள், தாய்மார் வருவார்கள். ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவரும், கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவரும் தவறாமல் வருவார்கள். முன்பின் தெரியாத ஒருவரைப் பற்றி நாம் எப்படி ஒரு முடிவுக்கு வருகிறோம், அந்த முடிவில் இனமும் சமயமும் சாதியும் ஊரும் எவ்வளவு கலந்திருக்கின்றன என்பதுதான் எங்கள் பேச்சு. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், என்னால் சொல்ல முடிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

வார்ப்புரு, தப்பெண்ணம், பாகுபாடு மூன்றும் ஒன்றா?

இல்லை. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பக்கத்து ஊர் கிண்ணியா. "கிண்ணியாக்காரர் எல்லாரும் வியாபாரத்தில் கெட்டி" என்பது வார்ப்புரு, அதாவது ஒரு கூட்டத்தைப் பற்றித் தலைக்குள் இருக்கும் படம். அந்தப் படத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் பயமோ வெறுப்போ இளக்காரமோ தப்பெண்ணம். அதை மனதில் வைத்து ஒருவருக்கு வீடு கொடுக்க மறுத்தால், வேலை கொடுக்க மறுத்தால், அது பாகுபாடு.

வார்ப்புருவுக்கு உலகம் முழுக்க வழங்கும் 'ஸ்டீரியோடைப்' என்ற சொல் அச்சுக்கூடத்தில் பிறந்தது. ஒரு பக்கத்தை ஒருமுறை உலோகத் தகடாக வார்த்துவிட்டால் எத்தனை ஆயிரம் பிரதியும் அடிக்கலாம். 1922-இல் வால்டர் லிப்மன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அந்தச் சொல்லை மனித மனத்துக்குப் பொருத்தினார். தகட்டில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் அடிக்கும் ஒவ்வொரு பிரதியிலும் அந்தப் பிழை இருக்கும். அதனால்தான் இந்த உவமை எனக்குப் பிடிக்கும்.

முதல் நிமிடத்திலேயே ஒருவரைப் பற்றி எப்படி முடிவு செய்துவிடுகிறோம்?

வீடு வாடகைக்கு உண்டு என்று விளம்பரம் போட்டவருக்கு ஒரு போன் வருகிறது. முதல் கேள்வி, "உங்கட பேர்?" அடுத்தது, "சொந்த ஊர் எது?" இந்த இரண்டுக்கும் பதில் வந்ததும் பலருக்கு முடிவும் வந்துவிடும். வீட்டில் எத்தனை பேர், வாடகை மாதாமாதம் ஒழுங்காக வருமா என்பதெல்லாம் அப்புறம்தான்.

எங்கள் மாவட்டத்தில் இது கொஞ்சம் கூர்மையாகவே நடக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இங்கே பத்துப் பேரில் ஏறத்தாழ நான்கு பேர் முஸ்லிம்கள், மூன்று பேர் தமிழர், மூன்றுக்குச் சற்றுக் குறைவாகச் சிங்களவர். எந்தச் சமூகமும் பாதிக்கு மேல் இல்லை. கடையிலும் பஸ்ஸிலும் பிரதேச செயலக வரிசையிலும் பக்கத்தில் நிற்பவர் நம்மவரா என்று கண் தானாகவே தேடும். பொட்டு, தொப்பி, முக்காடு, சேலை கட்டும் விதம் எல்லாம் உடனே தெரியும். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மொழிதான் பேசுகிறோம், ஆனாலும் 'உம்மா', 'வாப்பா', 'ராத்தா' என்று முஸ்லிம்கள் சொல்லும் உறவுச் சொல் ஒன்று காதில் விழுந்தால் போதும்.

இந்த நாட்டில் இப்படி அடையாளம் தேடுவது உயிரோடு விளையாடிய காலமும் உண்டு. 1983 ஜூலைக் கலவரத்தில் வாளிக்குரிய 'பால்திய' என்ற சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லி, உச்சரிப்பை வைத்துத் தமிழரைப் பிரித்தெடுத்தார்கள். யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிவிட்டு, அதைப் படிப்பவரின் முகத்தைப் படித்துக்கொண்டு நின்றவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். சாவடி போய்விட்டது. அதில் பழகிய மனம் இன்னும் வருகிறவர் போகிறவரை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நான் இனம் மதம் பார்ப்பதே இல்லை. எனக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். எனக்கும் பொருந்தியது.

பல வருடங்களுக்கு முன் என் வகுப்புக்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்தாள். மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம். கேட்டதற்குப் பதில் சொல்ல மாட்டாள், பாதி நேரம் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டில் படிப்பைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை போலும் என்று நானே முடிவு செய்து, அவளைப் பின்வரிசை வாங்கில் இருக்க விட்டேன். இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அவளுக்கு ஒரு காது சரியாகக் கேட்காது. காது கேட்காத பிள்ளையை நான் வகுப்பின் கடைசியில் உட்காரவைத்திருந்தேன். அதே மாதிரி நடந்துகொண்ட ஒரு டாக்டரின் பிள்ளையாக இருந்திருந்தால், முதல் வாரத்திலேயே தாயைக் கூப்பிட்டுப் பேசியிருப்பேன். எந்த இனத்தையும் வெறுக்கிறவள் இல்லை நான். ஆனாலும் அந்தத் தகடு எனக்குள் இருந்தது.

நம்மவர், மற்றவர் என்ற கோட்டைப் போட மனத்துக்கு மிகச் சின்னக் காரணம் போதும். ஹென்றி தாஜ்ஃபெல் என்பவர் போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் கைதியாக உயிர் தப்பினார், நாஜிகளிடம் தன் குடும்பத்தை இழந்தார். பிறகு பிரித்தானியாவில் உளவியல் பேராசிரியரானார். 1971-இல் வெளியான அவருடைய ஆய்வில், பாடசாலைப் பையன்களுக்குச் சில ஓவியங்களைக் காட்டி, யாருடைய ஓவியம் பிடித்தது என்பதை வைத்து இரண்டு குழுவாகப் பிரித்ததாகச் சொன்னார்கள். உண்மையில் குலுக்கல் முறையில்தான் பிரித்தார்கள். யார் தன் குழு என்று முகம் கூடத் தெரியாது, பழைய பகை இல்லை, தனக்கு நேரடி லாபமும் இல்லை. அப்படியிருந்தும் புள்ளிகளைப் பங்கிடச் சொன்னபோது பையன்கள் தங்கள் குழுவுக்குக் கூடக் கொடுத்தார்கள். தன் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவைவிடக் கூட இருந்தால் சரி என்று பங்கிட்டவர்களும் இருந்தார்கள். ஓர் ஓவியத்துக்கே இப்படியென்றால், முப்பது வருட யுத்தமும் காணிப் பிரச்சினையும் கலந்த ஊரில் நாம் மட்டும் சுத்தம் என்று நினைக்க எனக்குத் துணிவில்லை.

ஒரே தவறை இரண்டு பேர் செய்தால் ஏன் இரண்டு விதமாகத் தெரிகிறது?

இந்த முழு விஷயத்திலும் முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம் ஆட்கள் சொல்லிவைத்தது இதைத்தான்.

1974-இல் டொனால்ட் டெய்லர், வைஷ்ணா ஜக்கி என்ற இருவர் தென்னிந்தியாவில் ஓர் ஆய்வு செய்தார்கள். பங்கெடுத்தவர்கள் இந்துக்கள். அவர்களுக்குச் சின்னச் சின்னச் சம்பவங்களைக் கொடுத்தார்கள்: ஒரு கடைக்காரர் ஏமாற்றுகிறார் அல்லது தாராளமாக நடக்கிறார், ஒருவர் உதவுகிறார் அல்லது உதவாமல் இருக்கிறார். சம்பவம் ஒன்றுதான், செய்தவர் மட்டும் ஒரு தடவை இந்து, ஒரு தடவை முஸ்லிம். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டார்கள். இந்து நல்லது செய்தால் அது அவர் குணம், கெட்டது செய்தால் சூழ்நிலை. முஸ்லிம் என்றால் அந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகாவிட்டாலும், நல்லதுக்குக் குணத்தைக் காரணமாகச் சொன்னவர்கள் குறைந்துபோனார்கள். இந்துக்களிடம் கேட்டதால் இந்துக்களின் சாய்வு தெரிந்தது. மற்றவர்களிடம் கேட்டால் அவரவர் சாய்வு தெரியும்.

இதை எங்கள் ஊருக்குக் கொண்டு வாருங்கள். நம்மாள் ஆட்டோவுக்குக் கூடக் காசு கேட்டால், "பெட்ரோல் விற்கிற விலைக்கு அவனும் என்ன செய்வான், பாவம்" என்போம். வேறு சமூகத்தவர் அதே காசைக் கேட்டால், "அவங்கட புத்தியே அப்படித்தான்." நம்மவர் தவறுக்கு நாம் காரணம் தேடுகிறோம். மற்றவர் தவறுக்கு இனத்தைத் தேடுகிறோம்.

நல்லது செய்தாலும் அவர்கள் தப்ப முடிவதில்லை. "முஸ்லிமா இருந்தாலும் நல்ல மனுசன்", "சிங்கள ஆளா இருந்தாலும் உதவி செய்தார்" என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். அந்த 'இருந்தாலும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு மனிதரைப் பாராட்டிக்கொண்டே அவருடைய சமூகம் முழுவதையும் அது தள்ளிவைத்துவிடுகிறது. "தமிழரா இருந்தாலும் நல்லவர்" என்று நம்மைப் பற்றி ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும் என்று விறாந்தையில் ஒருநாள் கேட்டேன். யாரும் பேசவில்லை.

அப்படியென்றால் நம் கலாசாரம்தான் நம்மை இப்படி ஆக்குகிறதா?

கலாசாரத்தை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. 1984-இல் ஜோன் மில்லர் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் சிகாகோவையும் இந்தியாவின் மைசூரையும் ஒப்பிட்டார். மற்றவர்கள் செய்த நல்லது கெட்டதற்குக் காரணம் சொல்லச் சொன்னபோது, அமெரிக்கப் பெரியவர்கள் ஆளின் குணத்தைக் கூடச் சொன்னார்கள். மைசூர்ப் பெரியவர்கள் அவருடைய பொறுப்பு, உறவு, நிலைமை என்று சுற்றியிருந்ததைக் கூடச் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகளிடம் இந்த வித்தியாசம் அவ்வளவாக இல்லை. வளர வளரத்தான் வந்தது.

ஆக, ஒரு மனிதரை அவருடைய சூழ்நிலையோடு சேர்த்துப் பார்ப்பது நம் பக்கத்து மக்களுக்குக் கைவந்த விஷயம். அந்தப் பார்வையை நம்மவருக்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

கலாசாரம் வேறு விதமாகவும் தடுக்கி விழுத்தும். சிங்களத்தில் மரியாதையாக 'வாருங்கள்' என்பதற்கு 'என்ன' என்பார்கள். சிங்களமே தெரியாத நம்மூர்ப் பெண் ஒருத்தி கந்தளாயில் கடைக்குள் நுழைகிறாள். கடைக்காரர் அன்பாக "என்ன" என்கிறார். இவள் காதில் அது எரிச்சலோடு கேட்ட "என்ன?" வந்தவளை இப்படியா கேட்பது என்று திரும்பிவிடுகிறாள். அதேபோல் தெருவில் கேட்டுச் சிங்களம் பழகிய நம்மாள் பெரியவர் ஒருவரை 'வரென்' என்று கூப்பிட்டுவிடுவார். அது 'வாடா' மாதிரி. தமிழ் அரைகுறையாகத் தெரிந்த அதிகாரி வயதான அம்மாவை 'நீ' என்பதும் பல நேரம் இந்த வகைதான். எல்லா நேரமும் என்று சொல்ல மாட்டேன், வேண்டுமென்றே 'நீ' என்றவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிட்டுக் கோபப்படலாம்.

அனுபவத்தில் கண்டதைத்தானே சொல்கிறோம்? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் இல்லையா?

சோற்றுக்குச் சரி. ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே நெருப்பு, ஒரே நேரம். அதனால் ஒன்றை நசுக்கிப் பார்த்தால் மற்றதைச் சொல்லலாம். ஒரு சமூகம் அப்படி ஒரே பானையில் வெந்ததில்லை. மூதூரில் வள்ளத்தில் போகும் முஸ்லிமும், நகரில் நகைக்கடை வைத்திருக்கும் முஸ்லிமும், புல்மோட்டையில் கனிய மணல் ஆலையில் வேலை செய்யும் முஸ்லிமும் ஒரே பானையா?

இதோடு நம் ஞாபகமும் ஓர் ஏமாற்று வேலை செய்கிறது. 1976-இல் ஹாமில்டன், கிஃபர்ட் என்ற இருவர் இரண்டு கற்பனைக் குழுக்களைப் பற்றிய செய்திகளைப் படிக்கக் கொடுத்தார்கள். பெரிய குழுவைப் பற்றி 18 நல்ல செய்தி, 8 கெட்ட செய்தி. சின்னக் குழுவைப் பற்றி 9 நல்லது, 4 கெட்டது. இரண்டிலும் விகிதம் ஒன்றுதான். ஆனால் படித்தவர்கள் சின்னக் குழுதான் கூடக் கெட்டது செய்தது என்று நினைத்தார்கள். நாம் அதிகம் பழகாத கூட்டமும் அபூர்வமான செயலும் சேர்ந்தால் மனத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும்.

எங்களோடு வரும் ஓர் அக்கா நகரில் இரண்டு அறை வாடகைக்குக் கொடுப்பவர். முஸ்லிம்களுக்கு இனிக் கொடுக்க மாட்டேன் என்றார், ஒருவர் கரண்ட் பில் கட்டாமல் போய்விட்டாராம். வாடகைக்கு இருந்த எல்லாரையும் கொப்பியில் எழுதிப் பாருங்கள் அக்கா என்றேன். பதினொரு வருடத்தில் ஒன்பது குடும்பம். பில் கட்டாமல் போனவர்கள் மூன்று, அதில் இரண்டு எங்கள் ஆட்கள். ஒருவர் அவருக்கே தூரத்துச் சொந்தம். "அவன் கஷ்டத்தில் இருந்தான்" என்று சொல்லிவிட்டு, சொன்னது தன் காதிலேயே விழுந்த மாதிரி நிறுத்திக்கொண்டார். உடனே மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். இப்போது எல்லாரிடமும் மூன்று மாத முற்பணம் கேட்கிறார்.

நல்ல வார்ப்புரு என்றால் பரவாயில்லையா?

"யாழ்ப்பாணத்தார் படிப்பில் சூரர்" என்பது பாராட்டு மாதிரித்தான் இருக்கும். படிப்பு வராத யாழ்ப்பாணத்துப் பிள்ளையிடம் கேட்டால் அதன் பாரம் தெரியும். வியாபாரத்தில் கெட்டி என்று முஸ்லிம்களைப் புகழும் வாய்தான், சந்தையில் விலை ஏறினால் அவர்களையே முதலில் பிடிக்கும்.

எங்கள் வீட்டில் யுத்தத்தில் ஆளை இழந்திருக்கிறோம். அதையும் தப்பெண்ணம் என்பீர்களா?

இல்லை. இழப்பு உண்மை, அதற்கான கோபம் நியாயம், நீதி கேட்பது உரிமை. மறந்துவிடுங்கள் என்று யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வராது.

நான் சொல்வது ஒன்றுதான். 2006 என்ற ஒரு வருடத்தை எடுங்கள். ஜனவரி 2 அன்று எங்கள் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஏப்ரல் 12 அன்று சந்தையில் குண்டு வெடித்தது, அதையடுத்துத் தமிழரின் கடைகளையும் வீடுகளையும் எரித்தார்கள், ஆட்களைக் கொன்றார்கள். அதே மாதம் கோமரங்கடவலையில் சிங்கள விவசாயிகள் கொல்லப்பட்டார்கள். சம்பூர்த் தமிழர் ஊரைவிட்டு ஓடினார்கள். ஆகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். அதே நாட்களில் மூதூரில் 17 தொண்டு நிறுவன ஊழியர்கள் கொல்லப்பட்டார்கள், அவர்களில் 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம்.

இந்தப் பட்டியல் முழுவதையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஆளை நான் இங்கே சந்தித்ததில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் வரி மட்டும் மனப்பாடம். செய்தவன் மீது, செய்ய வைத்தவன் மீது கோபம் இருக்கட்டும். அவனுடைய மொழி பேசுகிற, அந்த வருடம் பிறந்தே இராத பையன் மீது அது போய் விழும்போதுதான் நான் குறுக்கே பேசுகிறேன்.

அபாயா விஷயத்தில் உங்கள் கருத்து என்ன?

புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: 2018-இல் நகரிலுள்ள ஒரு பெண்கள் பாடசாலையில் முஸ்லிம் ஆசிரியைகள் உடலை மூடும் நீள அங்கியான அபாயா அணிந்து வந்ததை எதிர்த்துப் போராட்டம் நடந்தது. சேலைதான் பாடசாலையின் கலாசாரம் என்றது ஒரு பக்கம். எங்கள் உடை எங்கள் உரிமை என்றது மறுபக்கம்.

ஓர் ஆசிரியை என்ன உடுத்த வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும் என்பது என் கருத்து. பிள்ளைக்குக் கணக்கு விளங்குகிறதா என்று பார்ப்போம். எதிர்த்தவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்றும் நான் நினைக்கவில்லை. காணி போகிறது, மொழி போகிறது, கோயில் சூழல் போகிறது என்று வருடக்கணக்காகப் பயந்த மக்கள், மிச்சமிருப்பதை இறுக்கிப் பிடிக்கிறார்கள். அந்தப் பயம் பேசப்பட வேண்டியது. அதைச் சுமக்க வேண்டியவர் அந்த ஆசிரியை இல்லை.

அடுத்த வருடம், 2019 ஏப்ரல் 21 அன்று, ஈஸ்டர் நாளில், இஸ்லாமியத் தீவிரவாதக் குழு ஒன்றின் குண்டுகள் வெடித்தன. ஒரு வாரத்தில் முகத்தை மூடும் உடைக்குத் தடை வந்தது. முகத்தை மூடாத, தலையை மட்டும் மூடிய பெண்களையும் பஸ்ஸில் பக்கத்தில் இருத்தத் தயங்கினார்கள். 2020-இல் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்தார்கள், 2021 பெப்ரவரியில்தான் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. சோதனைச் சாவடியில் எங்கள் பையைக் கிளறியபோது எங்கள் மீது விழுந்த அதே பார்வையை, அந்த நாட்களில் பஸ்ஸில் நாங்களே இன்னொருவர் மீது வைத்தோம். எனக்கு இது மிகவும் வலிக்கிற விஷயம்.

தமிழருக்குள்ளேயே இது இல்லையா?

நிறைய இருக்கிறது. மட்டக்களப்பார் வந்தவரைத் திரும்பிப் போகவிடாமல் மந்திரத்தால் 'பாயோடு ஒட்டவைப்பார்கள்' என்று, அந்த மண்ணின் விருந்தோம்பலைக்கூடச் சூனியமாக்கிப் பேசுவோம். யாழ்ப்பாணத்தார் கஞ்சர் என்போம். மலையகத்தாருக்கு வைத்திருக்கும் சொல்லை இங்கே எழுத மாட்டேன். வெருகல் பக்கத்தில் இருக்கும் வேடர் வழியினரைப் பற்றியும், தங்களுக்கென்று போர்த்துக்கேயம் கலந்த ஒரு மொழியைக் காத்துவந்த பறங்கியரைப் பற்றியும் பல தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வரி கூடத் தெரியாது. தெரியாததை இளக்காரம் நிரப்பிவிடுகிறது.

சாதி பற்றிக் கேட்டால், "அதெல்லாம் இப்போது இல்லை" என்பார்கள். கலியாணப் பேச்சு வந்தால் தெரியும். இந்தியாவில் சுகதேவ் தோரட், போல் அட்டவெல் இருவரும் ஒரே தகுதியுள்ள வேலை விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 2007-இல் வெளியான அந்த முடிவுகளின்படி, தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் மேல்சாதி இந்துப் பெயரைவிடக் குறைவாகவே பதில் வந்தது.

பிள்ளைகள் எங்கே பழகுகிறார்கள்?

வீட்டில், நாம் கவனிக்காத நேரத்தில். "சாப்பிடாவிட்டால் சோனகன் பிடித்துக்கொண்டு போவான்" என்று, முஸ்லிமைக் காட்டிப் பயமுறுத்திச் சோறு ஊட்டுகிறோம். யாரும் இதை வெறுப்பு என்று நினைத்துச் சொல்வதில்லை, பிள்ளை வாயைத் திறந்தால் போதும் என்று சொல்வது. ஆனால் அந்தப் பயம் சோற்றோடு சேர்ந்து உள்ளே போகிறது. அப்புறம் தமிழ்ப் பிள்ளை இந்துக் கல்லூரிக்கு, முஸ்லிம் பிள்ளை முஸ்லிம் வித்தியாலயத்துக்கு, சிங்களப் பிள்ளை சிங்கள மகா வித்தியாலயத்துக்கு. அந்தப் பயம் பொய் என்று காட்ட ஓர் ஆள் பக்கத்து வாங்கில் இருக்க மாட்டார்.

பழகினால் எல்லாம் சரியாகிவிடுமா?

எப்படிப் பழகுகிறோம் என்பதைப் பொறுத்தது. 1954-இல் கோர்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் நான்கு நிபந்தனை சொன்னார்: இரு பக்கமும் சம நிலையில் இருக்க வேண்டும், குறிக்கோள் ஒன்றாக இருக்க வேண்டும், அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், பெரியவர்களும் நிறுவனங்களும் அதற்குத் துணை நிற்க வேண்டும். சந்தையில் தினமும் மீன் வாங்குவதில் இந்த நான்கில் எதுவும் இல்லை. இருபது வருடம் ஒருவரிடம் மீன் வாங்கியும் அவருடைய பிள்ளைகள் எத்தனை பேர் என்று தெரியாமல் இருக்கலாம்.

உத்தரப் பிரதேசத்தில் மாட் லோ என்ற பொருளியலாளர் கிரிக்கெட் போட்டிகள் நடத்திப் பார்த்தார், முடிவுகள் 2021-இல் வெளிவந்தன. வேறு சாதிப் பையன்களோடு ஒரே அணியில் ஆடியவர்களுக்கு வேறு சாதியில் நண்பர்கள் கூடினார்கள். வேறு சாதியினருக்கு எதிராக ஆடியவர்களிடம் அந்த நன்மை வரவில்லை, சில விஷயங்களில் நிலைமை கெட்டது. 'நல்லிணக்கப் போட்டி' என்று தமிழ்ப் பாடசாலைக்கும் சிங்களப் பாடசாலைக்கும் மட்ச் வைக்கிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்: அணிகளைக் கலந்து போடுங்கள்.

இதற்கும் எல்லை உண்டு. ஈராக்கில் சல்மா மூசா என்ற ஆய்வாளர், இடம்பெயர்ந்த கிறிஸ்தவர்களின் உதைபந்தாட்ட அணிகள் சிலவற்றில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்தார். 2020-இல் வெளியான முடிவு: மைதானத்தில் நல்ல மாற்றம். சேர்ந்து பயிற்சி செய்தார்கள், முஸ்லிம் வீரருக்கு விருது கிடைக்க வாக்களித்தார்கள். மைதானத்துக்கு வெளியே, அறிமுகமில்லாத முஸ்லிம்களிடம் அந்த மாற்றம் போய்ச் சேரவில்லை.

கிண்ணியாவுக்கு 2009-இல் 396 மீற்றர் நீளப் பாலம் வந்தது. அதற்கு முன் 'பாதை' என்று நாம் சொல்லும் மிதவையில்தான் வாகனமும் ஆட்களும் கடந்தார்கள். இப்போது ஐந்து நிமிடம் கூட வேண்டாம். ஆனால் பாலத்தில் போய் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறோம், ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் எத்தனை பேர்? 2004 சுனாமி அன்று யார் யார் வீட்டில் சாப்பிட்டோம் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

மனத்தை மாற்றும்வரை காத்திருக்க வேண்டாம், முறையை மாற்றுங்கள். ஓ.எல்., ஏ.எல். விடைத்தாளில் பிள்ளையின் பெயர் இருக்காது, சுட்டெண்தான் இருக்கும். திருத்துபவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. அதே வழியை வேலைக்கு ஆள் எடுக்கும்போது பின்பற்றலாம்: முதல் சுற்றில் பெயரையும் ஊரையும் மறைத்து விண்ணப்பத்தைப் படியுங்கள். நேர்முகத்தில் எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, அப்போதே புள்ளி போடுங்கள். "ஆளைப் பார்த்ததும் பிடித்துப்போனது" என்று ஒரு முடிவு வந்தால், ஒரு நாள் ஆறப்போடுங்கள்.

சட்டம் உதவுமா?

ஓரளவுக்கு. அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் ஆகியவற்றால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. 12(3) கடை, உணவகம், ஹோட்டல் போன்ற இடங்களுக்குள் இனம், மதம், மொழி, சாதி, பால் ஆகிய காரணங்களால் ஒருவரைத் தடுக்கக்கூடாது என்கிறது. அரச அலுவலகத்தில் நடந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்துக்குப் போவதானால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். வாடகை வீடு, கலியாணம், வீட்டுப் பேச்சு ஆகியவற்றுக்குள் சட்டம் பெரிதாக வராது.

சொந்தக்காரர் ஒருவர் சாப்பாட்டு மேசையில் மோசமாகப் பேசினால் என்ன செய்வது?

சபையில் வைத்து மூத்தவரை மடக்காதீர்கள். அவருக்கு மானப் பிரச்சினையாகிவிடும், தன் கருத்தை இன்னும் இறுக்கிப் பிடிப்பார். ஆராய்ச்சி முடிவுகளை எடுத்துச் சொல்வதும் அந்த நேரத்தில் எடுபடாது. கூட்டத்திலிருந்து ஆளுக்குக் கொண்டு வாருங்கள், அதுவும் மரியாதையாக.

என் பெரியப்பா ஒருவர் முஸ்லிம்களைப் பற்றி, "இந்த நானாமார் எல்லாரும் கள்ளர்" என்றார். "எந்த நானா பெரியப்பா? நமக்கு மீன் கொண்டு வருகிறவரா?" என்று கேட்டேன். "சே, அவர் இல்லை. அவர் நிறுவையில் ஒரு கிராம் குறைக்க மாட்டார்." "அப்போ சைக்கிள் திருத்துகிறவரா?" "அவனும் இல்லை. அவன் பாவம்." "அப்போ யார்?" என்றேன். யோசித்தார். நான் வேறொன்றும் சொல்லாமல் தேத்தண்ணியை அவர் பக்கம் தள்ளிவைத்தேன். அவர் குடித்து முடிக்கும்வரை யாரும் பேசவில்லை.